ஆன்லைனில் எம்.ஏ. படித்து பள்ளி கவுன்சிலர் ஆக முடியுமா? பணம் கட்டும் முன் தெரிய வேண்டியவை

'வீட்டில் இருந்தபடியே சைக்காலஜியில் எம்.ஏ. முடிக்கலாம், பள்ளியில் கவுன்சிலர் ஆகலாம்.' மொபைலைத் திறந்தாலே இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள், குழந்தைக்காக வேலையை விட்ட அம்மாக்கள், ஐ.டி.யில் இருந்து வேறு துறைக்கு மாற நினைப்பவர்கள் எனப் பலருக்கும் இது ஆசையைத் தூண்டும் வழிதான்.

ஆனால் 2025 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் நிலைமை மாறிவிட்டது. அது தெரியாமல் பணம் கட்டினால், கட்டணமும் போய், இரண்டு வருடப் படிப்பும் கைகொடுக்காமல் போகலாம்.

அப்படி என்ன மாறியது? இனி எந்த வழியில் படிக்கலாம்? எதைக் கவனிக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே வாரத்தில் வந்த இரண்டு முடிவுகள்

2025 ஜூலை 25-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த 17 வயது மாணவி உயிரிழந்த வழக்கு அது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, மாணவர்களின் மனநலத்துக்காக 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி என எல்லாவற்றுக்கும் இவை பொருந்தும். இதற்கென்று தனிச் சட்டம் வரும் வரை இவை கட்டாயம்.

அதில் ஒன்று நேரடியாக கவுன்சிலர் பற்றியது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனம், தகுதி பெற்ற கவுன்சிலர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். அவருக்குக் குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி இருக்க வேண்டும். 100 பேருக்குக் குறைவான மாணவர்கள் உள்ள இடங்கள், வெளியில் உள்ள மனநல நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே வாரத்தில்தான் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. உளவியல் படிப்பை ஆன்லைனிலும் தொலைதூரக் கல்வியிலும் நடத்தக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, முடிவு செய்தது. ஆகஸ்டில் இது அறிவிப்பாக வெளியானது.

ஒரு பக்கம் 'பள்ளிக்கு ஒரு கவுன்சிலர் வேண்டும்' என்கிறது நீதிமன்றம். மறுபக்கம், கவுன்சிலர் ஆகப் பலரும் நம்பியிருந்த கதவு மூடப்பட்டது. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

யுஜிசி அறிவிப்பு என்ன சொல்கிறது?

மருத்துவம் சார்ந்த இணைத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ல் ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி போன்றவற்றோடு, 'நடத்தை நலம்' என்ற பிரிவில் உளவியலாளர்களும் பலவகை ஆலோசகர்களும் இந்தச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள்.

இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் கல்விப் பருவத்தில் இருந்து ஆன்லைன், தொலைதூர முறையில் நடத்த எந்தக் கல்வி நிறுவனத்துக்கும் அனுமதி இல்லை என்பதுதான் அறிவிப்பின் சாரம். உளவியலோடு நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம், மருத்துவ ஊட்டச்சத்து மற்றும் உணவுமுறை ஆகியவையும் பட்டியலில் உள்ளன. அந்தப் பருவத்துக்கு ஏற்கெனவே அங்கீகாரம் கொடுத்திருந்தாலும் அது திரும்பப் பெறப்படும், புதிதாக மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லப்பட்டது.

பி.ஏ. போன்ற பட்டங்களில் ஆங்கிலம், பொருளாதாரம், உளவியல் எனப் பல விருப்பப் பாடங்கள் இருந்தால், உளவியல் பிரிவுக்கு மட்டும்தான் தடை. மற்ற பிரிவுகள் அப்படியே தொடரும்.

பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவற்றுக்கு இந்தத் தடை முன்பே உண்டு. அந்த வரிசையில் உளவியலும் சேர்ந்திருக்கிறது.

ஏற்கெனவே படித்தவர்கள் கதி?

பயப்பட வேண்டாம். அறிவிப்பு பேசுவது 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்தையும் அதற்குப் பிந்தைய சேர்க்கையையும் பற்றித்தான். அதற்கு முன்பு இக்னோ போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் சேர்ந்து எம்.ஏ. உளவியல் முடித்தவர்களின் பட்டம் செல்லாது என்று அது சொல்லவில்லை. அங்கீகாரம் பெற்ற தொலைதூர, ஆன்லைன் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரிலேயே அறிவித்திருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம். பட்டம் செல்லுமா என்பது வேறு. ஒரு பள்ளி அந்தப் பட்டத்தை மட்டும் பார்த்து வேலை கொடுக்குமா என்பது வேறு. நேரடிப் பயிற்சி எவ்வளவு செய்தீர்கள் என்ற கேள்வி இன்டர்வியூவில் கட்டாயம் வரும். தொலைதூரக் கல்வியில் படித்தவர்கள், ஒரு மூத்த கவுன்சிலரின் மேற்பார்வையில் சில மாதங்களாவது பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது.

கவுன்சிலிங்கை ஆன்லைனில் கற்றுக்கொள்ள முடியாதா?

பாடத்தைக் கற்கலாம். வளரிளம் பருவ மாற்றங்கள், ஆளுமைக் கோட்பாடுகள், ஆய்வு முறைகள், புள்ளியியல் எல்லாவற்றையும் வீடியோவிலும் புத்தகத்திலும் படித்துவிடலாம். சிலருக்கு வகுப்பறையைவிட அதுவே வசதி.

பிரச்சினை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எதிரில் உட்கார்ந்து, பத்து நிமிடம் வாயே திறக்காமல் இருந்தால் என்ன செய்வது? 'எனக்கு வாழவே பிடிக்கலை மிஸ்' என்று ஒரு மாணவி சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சிரித்தால், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதா? இதற்கெல்லாம் விடை, ஒருவரைப் பார்க்கவைத்து, செய்யவைத்து, பிறகு 'இந்த இடத்தில் நீங்கள் அவசரப்பட்டு அறிவுரை சொல்லிவிட்டீர்கள்' என்று திருத்தும் மேற்பார்வையில்தான் கிடைக்கும்.

உளவியல் படிப்பில் இதற்கென்றே செய்முறை, களப்பயிற்சி, கேஸ் ரிப்போர்ட், மேற்பார்வை நேரம் என்று தனிப் பகுதிகள் உண்டு. தொலைதூரக் கல்வியில் பல இடங்களில் இந்தப் பகுதிதான் பெயரளவுக்கு நடக்கிறது என்பது நீண்டகாலப் புகார்.

அதே நேரம், தடையை விமர்சிப்பவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ரெகுலர் கல்லூரி எல்லா ஊரிலும் இல்லை. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் படிக்க எல்லோராலும் முடியாது. தேனியிலோ ராமநாதபுரத்திலோ இருக்கும் ஓர் ஆசிரியைக்கு, அஞ்சலில் வரும் பாடம்தான் ஒரே வழியாக இருந்திருக்கும். அவருக்கு மாற்று வழி என்ன என்பதுதான் இப்போது முக்கியமான கேள்வி.

பள்ளி கவுன்சிலர் உண்மையில் என்ன செய்வார்?

'சேட்டை பண்ற பசங்களைக் கூப்பிட்டுத் திட்டுறவர்' என்றுதான் பல பள்ளிகளில் இன்னும் நினைக்கிறார்கள். அவர் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பவர் இல்லை. மனநோய்க்கு மருந்து கொடுப்பவரும் இல்லை. அது மனநல மருத்துவரின் வேலை.

பள்ளி கவுன்சிலரின் முக்கிய வேலைகள் இவை:

- மாணவர்களைத் தனியாகவும் குழுவாகவும் சந்தித்துப் பேசுவது. தேர்வு பயம், நட்பு முறிவு, கேலி, வீட்டில் சண்டை, மொபைல் பழக்கம் என எதுவாகவும் இருக்கலாம்.
- கற்றல் குறைபாடு, கவனக் குறைவு, மனச்சோர்வு போன்றவற்றின் அறிகுறிகளைக் கவனித்து, சரியான நிபுணரிடம் அனுப்புவது.
- பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன குரூப், பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிப்பு என்று வழிகாட்டுவது.
- பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் பேசுவது. பல நேரங்களில் மாணவரிடம் பேசுவதைவிட இதுதான் கடினம்.
- ஆபத்தான நிலையில் இருக்கும் மாணவரைத் தனியாக விடாமல், உடனே உதவி கிடைக்கச் செய்வது.

மாணவர் சொல்வதை வெளியில் சொல்லாமல் காப்பது இந்த வேலையின் அடிப்படை. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. மாணவரின் உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது. 18 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 'ஸ்கூல் பேர் கெட்டுப்போயிடும்' என்று நிர்வாகம் சொன்னாலும் இந்தக் கடமை மாறாது.

இதையெல்லாம் நேரில் பயிற்சி எடுக்காமல் ஒருவர் சமாளிக்க முடியுமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சரி, இப்போ என்னென்ன வழி இருக்கு?

1. ரெகுலர் முதுநிலைப் படிப்பு

உளவியல், பயன்பாட்டு உளவியல் அல்லது ஆலோசனை உளவியலில் இரண்டு வருட எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. இதுதான் உறுதியான வழி. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், சென்னை எழும்பூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் உள்ளிட்ட இடங்களில் உளவியல் சார்ந்த முதுநிலைப் படிப்புகள் உள்ளன. வேறு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களைச் சேர்த்துக்கொள்வதா இல்லையா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விண்ணப்பிக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

2. என்சிஇஆர்டி டிப்ளமோ

ஆசிரியர்கள் பலருக்கே தெரியாத நல்ல வழி இது. தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம், அதாவது என்சிஇஆர்டி, வழிகாட்டல் மற்றும் ஆலோசனையில் ஒரு வருட டிப்ளமோ நடத்துகிறது. இதன் அமைப்பைப் பாருங்கள்:

- முதல் 6 மாதம்: வீட்டில் இருந்தபடியே, வழிகாட்டுதலோடு படிக்கலாம்.
- அடுத்த 3 மாதம்: பயிற்சி மையத்துக்கு நேரில் போய்த் தீவிரப் பயிற்சி எடுக்க வேண்டும்.
- கடைசி 3 மாதம்: சொந்த ஊரில், அல்லது வேலை பார்க்கும் இடத்தில் களப்பயிற்சி.

டெல்லி, அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூரு, ஷில்லாங் ஆகிய இடங்களில் பயிற்சி மையங்கள் உள்ளன. தமிழ்நாடு, புதுச்சேரி மக்களுக்கு மைசூருவில் உள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனம்தான் மையம். பணியில் இருக்கும் ஆசிரியர்கள், பி.எட். முடித்தவர்கள், உளவியல், கல்வியியல், சமூகப் பணி போன்ற பாடங்களில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். வேலையில் இருப்பவர்கள் அந்த மூன்று மாதத்துக்கு விடுப்பு கிடைக்குமா என்று முன்பே பேசி வைக்க வேண்டும்.

3. சமூகப் பணி முதுநிலைப் படிப்பு

எம்.எஸ்.டபிள்யூ. படிப்பிலும் கவுன்சிலிங்குக்கு இடம் உண்டு. வாரத்தில் சில நாட்கள் களப்பணி என்பது இதன் பலம். உச்ச நீதிமன்றம் சொன்ன பட்டியலில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரும் இருக்கிறார். ஆனால் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களும் 2021 சட்டத்தின் கீழ் வருவதால், இதைத் தொலைதூர முறையில் படிக்க நினைத்தால் அந்தப் படிப்புக்கு இப்போது அனுமதி உள்ளதா என்று முதலில் சரிபாருங்கள்.

4. ஆன்லைன் சான்றிதழ் படிப்புகள்

மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் உளவியல், கல்வியியல் சார்ந்த படிப்புகளை இலவசமாகக் கற்கலாம். இந்தத் துறை நமக்குச் சரிப்பட்டு வருமா என்று தெரிந்துகொள்ள இது நல்ல தொடக்கம். ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் அறிவைப் புதுப்பித்துக்கொள்ளவும் உதவும். ஆனால் சான்றிதழ் வேறு, பட்டம் வேறு. 'ஆறே வாரத்தில் சர்டிஃபைடு கவுன்சிலர்' என்ற விளம்பரத்தை நம்பி பெரிய தொகை கட்டாதீர்கள்.

அமெரிக்காவில் ஆன்லைனில் படிக்கிறார்களே?

உண்மைதான். அங்கே பள்ளி கவுன்சிலிங்கில் ஆன்லைன் முதுநிலைப் படிப்புகள் நிறைய உள்ளன. அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும் இதைப் பற்றி விசாரிப்பவர்கள் உண்டு. ஆனால் 'ஆன்லைன்' என்றால் அங்கே என்ன அர்த்தம் என்று பார்க்க வேண்டும்.

கவுன்சிலிங் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அமெரிக்க அமைப்பின் விதிப்படி, முதுநிலைப் படிப்பு 60 செமஸ்டர் கிரெடிட் கொண்டதாக இருக்க வேண்டும். அதற்குள் 100 மணி நேர முதற்கட்டப் பயிற்சி, அதன் பிறகு 600 மணி நேர இன்டர்ன்ஷிப். இந்த 600-ல் குறைந்தது 240 மணி நேரம் நேரடியாக ஆலோசனை வழங்கியிருக்க வேண்டும். கூடவே, தொடர்ந்து மேற்பார்வையும் உண்டு. வகுப்பு லேப்டாப்பில் நடந்தாலும், ஆன்லைன் மாணவர்களும் இந்தப் பயிற்சியைத் தங்கள் பகுதியில் உள்ள பள்ளிக்கு நேரில் போய்த்தான் செய்ய வேண்டும்.

அதோடு முடியாது. அரசுப் பள்ளியில் வேலை பார்க்க அந்தந்த மாகாணம் தரும் உரிமமும் வேண்டும். ஒரு மாகாணத்தின் விதி இன்னொன்றில் அப்படியே பொருந்தாது. எந்த மாகாணத்தில் வேலை பார்க்கப் போகிறோமோ, அங்கே அந்தப் படிப்பு ஏற்கப்படுமா என்று சேரும் முன்பே கேட்க வேண்டும்.

இந்தியாவில் உட்கார்ந்தபடி வெளிநாட்டு ஆன்லைன் பட்டம் வாங்க நினைப்பவர்களுக்கு இரட்டைச் சிக்கல். களப்பயிற்சியை எங்கே செய்வது என்பது ஒன்று. அந்தப் பட்டம் இங்கே சமமாக ஏற்கப்படுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்ட வேண்டாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. இந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு யுஜிசி அனுமதி உள்ளதா? பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, குறிப்பிட்ட படிப்புக்கும் இருக்க வேண்டும். யுஜிசி தொலைதூரக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.
2. சேர்க்கைக்கு டெப் ஐடி கேட்கிறார்களா? அங்கீகாரம் பெற்ற ஆன்லைன், தொலைதூரப் படிப்பில் சேர இந்திய மாணவர்களுக்கு யுஜிசி தளத்தில் உருவாக்கும் இந்த அடையாள எண் அவசியம். 'அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்' என்று ஏஜென்ட் சொன்னால் உஷாராகுங்கள்.
3. பட்டத்தின் பெயர் என்ன? உளவியலா, கல்வியியலா, மேலாண்மையா? விளம்பரத்தில் கவுன்சிலிங் என்று இருந்து, பட்டச் சான்றிதழில் வேறு பெயர் வரலாம்.
4. நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம்? எங்கே? இடம் ஏற்பாடு செய்வது கல்லூரியா, நீங்களா?
5. பயிற்சியை மேற்பார்வை செய்பவர் யார்? அவருடைய தகுதி என்ன?
6. படிப்பு பாதியில் நிறுத்தப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

இந்த ஆறில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் தெளிவான பதில் இல்லை என்றால், அந்தப் படிப்பை விட்டுவிடலாம்.

பள்ளிகள் என்ன தகுதி கேட்கின்றன?

சிபிஎஸ்இ தனது அங்கீகார விதிகளில், உயர்நிலை, மேல்நிலை வகுப்புகள் உள்ள பள்ளிகளுக்கு கவுன்சிலர் வேண்டும் என்று சொல்கிறது. உளவியல் பட்டம், அல்லது ஏதேனும் ஒரு பட்டத்தோடு வழிகாட்டல்-ஆலோசனை டிப்ளமோ என்ற தகுதிகளை அது ஏற்று வந்திருக்கிறது. இந்த விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் உள்ள சுற்றறிக்கையைப் படிப்பது அவசியம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்பது வேறு. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தனிப் படிப்பும் அங்கே பதிவும் தேவை. எம்.ஏ. உளவியல் மட்டும் முடித்தவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது.

வேலையில் சேரும்போது பணி விவரத்தையும் கேளுங்கள். கவுன்சிலர் என்று எடுத்துவிட்டு, ஆசிரியர் வராத வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளவும் அட்மிஷன் வேலைக்கும் அனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. தனி அறை, மாணவர்களைச் சந்திக்க நேரம், ரகசியமாகப் பதிவேடு வைக்கும் வசதி ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.

மொத்தத்தில், இந்தியாவில் புதிதாகச் சேருபவர்கள் உளவியல் முதுநிலைப் பட்டத்தை ஆன்லைனிலேயே முடிக்கும் வழி இப்போது இல்லை. ரெகுலர் படிப்புக்கு வாய்ப்பு இருந்தால் அதுவே முதல் தேர்வு. வேலையை விட முடியாத ஆசிரியர்களுக்கு, பாதி வீட்டிலும் பாதி நேரிலும் படிக்கும் என்சிஇஆர்டி டிப்ளமோ பொருத்தமாக இருக்கும். எதில் சேர்ந்தாலும், ஒரு மாணவர் முன்னால் உட்கார்ந்து, மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் நீங்கள் செலவிடப் போகும் மணி நேரங்களை எண்ணிப் பாருங்கள். நாளை உங்கள் அறைக்கு வரும் மாணவருக்கு உதவப் போவது அந்தப் பயிற்சிதான்.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் உதவி கேளுங்கள். டெலி மானஸ் தேசிய மனநல உதவி எண்: 14416. தமிழ்நாடு சுகாதார உதவி எண்: 104. குழந்தைகளுக்கான உதவி எண்: 1098.)